கருவிக்கு முன் கைப்பிடி

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை நெருங்கியிருக்கிறது. 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழக்கூடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் சற்று அதிகம். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட இந்திய முதுமை அறிக்கை, 2050இல் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 35 கோடியாக உயரும் என்று மதிப்பிடுகிறது. அப்போது ஐந்து இந்தியரில் ஒருவர் மூத்த குடிமக்களாக இருப்பார்.

ஆயுள் நீண்டதை வணிக உலகமும் கவனித்திருக்கிறது. அணிந்தவர் கீழே விழுந்தால் தானே உணர்ந்து செய்தி அனுப்பும் கைக்கடிகாரம், கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான், மாத்திரை வேளையை நினைவூட்டும் பெட்டி, தொலைவிலிருந்தபடியே பெற்றோரின் கூடத்தைப் பார்க்க உதவும் கேமரா என்று முதியோருக்கான பொருள்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் வேற்றூரிலோ வெளிநாட்டிலோ பணிபுரியும் பிள்ளைகள். பயன்படுத்த வேண்டியவர்களோ ஊரில் இருக்கும் பெற்றோர். வாங்குபவர் ஒருவர், அணிபவர் மற்றொருவர் என்னும் இந்த இடைவெளியில்தான் பல கருவிகள் மேசை இழுப்பறைக்குள் போய்ச் சேருகின்றன.

முதியோருக்கான தொழில்நுட்பத்தை அளக்க ஓர் அளவுகோல் போதும் என்பது என் கருத்து. அவர் தம் வீட்டில், தம் விருப்பப்படி, இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக வாழ அது உதவுகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டால் குடும்பச் செலவின் வரிசை தெளிவாகும். முதலில் வீடு, அடுத்து, அழைத்தால் வந்து நிற்கும் மனிதர், மூன்றாவதாகக் கருவி. இன்று பல குடும்பங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகின்றன. தனிக் குடும்பங்கள் மட்டுமின்றி, நம் அரசுத் திட்டங்களும் வங்கிகளும் கூட இதிலிருந்து முற்றிலும் விலகி நிற்கவில்லை.

வீடே முதல் கருவி

நாற்பது வயதில் நாம் கட்டும் வீடு, எண்பது வயதிலும் நம்மைத் தாங்க வேண்டிய வீடு. ஆனால் கட்டும்போது அந்த எண்பது வயது மனிதரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அறை வாசலிலும் தடுக்கும் நிலைப்படி, நீர் பட்டால் கண்ணாடிபோல் வழுக்கும் பளபளப்பான தரை ஓடு, முழங்கால் வலியுடையவர் அமர்ந்து எழ இயலாத தரைமட்டக் கழிப்பறை, கட்டிலிலிருந்து எட்டாத தொலைவில் மின்விளக்கின் சுவிட்ச், கைப்பிடியற்ற மாடிப்படி ஆகியவை நம் வீடுகளில் இயல்பாகவே இடம்பெற்றுவிட்டன.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்ததால் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கினர் 60 வயதைக் கடந்தவர்கள். முதுமையில் இடுப்பெலும்பு முறிவது வெறும் எலும்புச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. அறுவை சிகிச்சை, பல வாரப் படுக்கை, தசைகளின் தளர்ச்சி, படுக்கைப் புண், நுரையீரல் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கிறது. மீண்டும் நடமாடத் தொடங்கியவர்களில் பலரும் மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தினால் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். நடை குறைந்தால் கால்கள் மேலும் வலுவிழக்கின்றன. அடுத்த வீழ்ச்சிக்கு அதுவே காரணமாகிறது.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை. கழிப்பறையிலும் குளியலறையிலும் சுவரில் ஆழமாகத் திருகி இறுக்கிய கைப்பிடிகள் வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. தடுமாறும்போது அதைப் பற்றினால் அது சுவரை விட்டுக் கையோடு வந்துவிடும். குளியலறைக்கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை எவராலும் திறக்க இயலாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கக்கூடியதாக இருத்தல் நலம். அமர்ந்து குளிக்க ஓர் உறுதியான முக்காலி, கால் தரையில் முழுமையாகப் பதியும் உயரத்தில் கட்டில், கண்புரை உள்ளவருக்கும் தெரியும்படி படிகளின் விளிம்பில் மாறுபட்ட நிறப்பட்டை ஆகியவையும் தேவை. இரவில் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்கு ஒன்றைக் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே பொருத்தலாம். இணைய இணைப்போ செயலியோ கடவுச்சொல்லோ கேட்காத இந்த விளக்கு, முதியோருக்கான தொழில்நுட்பங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பேன்.

சக்கர நாற்காலி செல்ல வேண்டிய வீட்டில் கணக்கு இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது கட்டட வழிகாட்டுதல்களில் உள்ள விதி. வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்குப் படி வைத்த வீட்டுக்குப் பின்னாளில் சாய்தளம் அமைக்க வேண்டுமானால் 18 அடி நீளம் தேவைப்படும். பல மனைகளில் அதற்கு இடம் இராது. கட்டும்போதே தளத்தின் உயரத்தைத் திட்டமிட்டு, கதவுகளை 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு அமைத்தால் கூடும் செலவு சொற்பம். பின்னர் இடித்துக் கட்டுவதற்கு ஆகும் செலவு அப்படிப்பட்டதன்று.

மாநகரங்களின் பழைய அடுக்ககங்களில் இச்சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. மும்பை, டில்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் மின்தூக்கி இல்லாத மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகள் ஏராளம். இளம் வயதில் மூன்றாம் தளத்தில் வீடு வாங்கியவர்கள், மூட்டுவலி வந்தபின் மருத்துவரிடம் செல்வதற்கு மட்டுமே கீழே இறங்குகிறார்கள். பழைய கட்டடத்தில் மின்தூக்கி பொருத்தலாம் என்று அனுமதி கிடைத்தாலும், அதனால் பயனில்லாத கீழ்த்தளத்தார் செலவைப் பகிர மறுப்பதும் எதிர்ப்பதும் உண்டு. மேல்தளத்தில் சிறைப்பட்டவருக்கு எத்தனை நுட்பமான கைக்கடிகாரத்தை அணிவித்தாலும் அவரால் பூங்காவுக்குச் செல்ல இயலாது.

பொதுப் பணம் எங்கே செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபர் 29 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் கிடைக்கிறது. இது வரவேற்கத்தக்க பெரும் உதவி. ஆனால் இது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீடு திரும்பிய பின்னும் 15 நாள்களுக்கு மட்டுமே அதன் நீட்சி உண்டு. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு. முறியாமல் காக்கும் கைப்பிடிக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. சிங்கப்பூர் அரசு 2012 முதல் நடத்திவரும் திட்டம் ஒன்றில், மூத்த குடிமக்கள் வாழும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளுக்குள் கைப்பிடிகளும் சாய்தளமும் வழுக்காத தரையும் அமைத்துத் தரப்படுகின்றன. செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடே கைப்பிடியிலிருந்து தொடங்கியிருக்கும்போது நாம் அதைச் சிறிய செய்தி என்று ஒதுக்கலாகாது.

மணி ஒலித்தால் வருபவர் யார்?

கருவிகளே வேண்டாம் என்பது என் வாதமன்று. தனியாக வாழும் முதியவர் விழுந்து, மணிக்கணக்கில் எழ இயலாமல் கிடப்பது கொடுமை. அந்நேரத்தில் ஒரு பொத்தான் உயிரைக் காக்கும். ஆனால் அது எப்படி இயங்குகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

வீழ்ச்சியை உணரும் கைக்கடிகாரம், உடலின் திடீர் அசைவு, மோதல், அதன்பின் தொடரும் அசைவின்மை ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்தே முடிவெடுக்கிறது. சுவரைப் பற்றியபடி மெல்லச் சரிந்து அமர்ந்துவிட்டவரை அது கவனிக்காமல் போகலாம். மேசையில் ஓங்கித் தட்டிய கையை வீழ்ச்சி என்று எண்ணவும் கூடும். மின்னேற்றத்துக்காகக் கழற்றி வைத்த நேரத்தில் அது பயன்படாது. நீரில் நனையலாம் என்று தயாரிப்பாளர் உறுதி கூறினாலும், வாழ்நாள் பழக்கத்தால் கடிகாரத்தைக் கழற்றிவிட்டே பலர் குளிக்கச் செல்கிறார்கள். வழுக்கி விழும் இடமோ குளியலறை.

கடிகாரம் சரியாகவே கணித்துச் செய்தி அனுப்பிவிட்டது என்று கொள்வோம். நாகபுரியில் பிற்பகல் மூன்று மணிக்குத் தாய் விழுகிறார். டொரன்டோவில் மகன் உறங்கிக்கொண்டிருக்கிறான். விழித்துப் பார்த்தாலும், அங்கிருந்து 112ஐ அழைத்தால் நாகபுரிக் காவல்துறை எடுக்காது. அண்டை வீட்டாரின் எண் அவனிடம் இருக்க வேண்டும். அவர் வந்தாலும் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கும். கதவு திறந்து ஆம்புலன்ஸ் வந்தபின், தாய்க்கு எந்த மருந்து ஒவ்வாது, எந்த மாத்திரை உட்கொள்கிறார் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல யாரும் இல்லை. செய்தி ஒரு நொடியில் கண்டம் கடந்துவிட்டது. உதவிதான் அடுத்த வீட்டிலிருந்து வர இயலாமல் நிற்கிறது.

ஆகவே கருவி வாங்கும் முன் குடும்பம் அமர்ந்து முடிவு செய்ய வேண்டியவை சில உண்டு. மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும்? முதலில் வரக்கூடிய இருவர் யார்? எந்த மருத்துவமனை? மருந்துப் பட்டியலும் இரத்த வகையும் காப்பீட்டு அட்டையும் எந்த இழுப்பறையில்? இவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. கட்டணச் சேவையாக இருப்பின் மேலும் சில கேள்விகளைக் கேட்டு எழுத்தில் விடை பெற வேண்டும். மின்சாரமும் இணையமும் தடைப்பட்டால் கருவி இயங்குமா? அழைப்பை ஏற்பவர் முதியவரின் மொழியில் பேசுவாரா? நேரில் வருவது யார், எத்தனை நிமிடத்தில்? நிறுவனம் மூடப்பட்டால் முன்பணம் என்னவாகும்? இவற்றுக்கு நேரான விடை தர இயலாத நிறுவனம் பொத்தானை மட்டுமே விற்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

வெற்றி கண்ட தொழில்நுட்பங்கள் கற்பிப்பவை

இந்தியாவில் முதியோரின் வாழ்க்கையை உண்மையிலேயே எளிதாக்கிய தொழில்நுட்பங்களும் உண்டு. வங்கி வாடிக்கையாளர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு, ஓய்வூதியர்களுக்கான மின்னணு வாழ்வுச் சான்றிதழ். ஒரு காலத்தில் நவம்பர் மாதம் வந்தால், தாம் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க ஓய்வூதியர்கள் வங்கிக்கோ கருவூலத்துக்கோ நேரில் செல்ல வேண்டியிருந்தது. 2014 நவம்பர் 10 அன்று தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் திட்டம் அந்த நடையைக் குறைத்தது. எனினும் மூப்பினாலும் உடலுழைப்பினாலும் விரல் ரேகைகள் தேய்ந்தவர்களை இயந்திரம் அடையாளம் காண மறுத்தது. 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டே சான்றளிக்கும் முறை வந்து, திறன்பேசி ஒன்றே போதும் என்றானது. திறன்பேசியும் கைவசமாகாதவர்களுக்காக, அஞ்சல்துறையின் பணம்செலுத்து வங்கி மூலம் தபால்காரரே கருவியுடன் வீடு தேடி வந்து சான்றிதழைப் பதிவுசெய்யும் வசதியும் உள்ளது.

இதில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, முதியவர் உண்மையாகவே சுமந்துகொண்டிருந்த ஒரு சுமையை அது இறக்கி வைத்தது. இரண்டாவது, முதிய உடலோடு இயந்திரம் ஒத்துவராதபோது மாற்றப்பட்டது இயந்திரமே. மூன்றாவது, கடைசிப் படியில் ஒரு மனிதர் நின்றார். தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் இதே அமைப்பைக் காணலாம். சிற்றூர் நலவாழ்வு மையத்தில் நோயாளியின் அருகில் ஒரு சுகாதாரப் பணியாளர் அமர்ந்து, தொலைவிலுள்ள மருத்துவரோடு அவரை இணைக்கிறார். திரையில் மருத்துவர் சொல்வது காதில் விழாத முதியவருக்கு, அருகில் இருப்பவர் எடுத்துச் சொல்கிறார்.

பணப் பரிமாற்றத்திலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அறிமுகமான யூபிஐ சர்க்கிள் என்னும் வசதியில், கணக்குடையவர் தாம் நம்பும் ஒருவருக்குத் தம் கணக்கிலிருந்து பணம் செலுத்த வரம்புக்குட்பட்ட அதிகாரம் தரலாம். முழு அதிகாரம் தந்தாலும் மாதத்துக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு; அல்லது ஒவ்வொரு செலுத்துகையையும் தாமே ஒப்புக்கொள்ளும்படி வைத்துக்கொள்ளலாம். காய்கறிக்கும் மருந்துக்கும் கடைக்குச் செல்லும் பேரனிடமோ உதவியாளரிடமோ ரகசிய எண்ணையும் அட்டையையும் ஒப்படைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதற்குப் பதிலாக, கணக்கின் அதிகாரம் முதியவரிடமே இருக்க, வேலை மட்டும் மற்றவர் கைக்கு மாறுகிறது. முதியோருக்கான தொழில்நுட்பம் இப்படித்தான் அமைய வேண்டும்.

திரை வழியே நன்மை வருவதுபோல் தீமையும் வருகிறது. காவல்துறை உடையில் காணொளி அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்போர் குறிவைப்பவர்களில் தனித்து வாழும் முதியோர் பலர். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. ஏமாற்றப்பட்டது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதைத் தொலைபேசியின் அருகில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதும் முதியோர் பாதுகாப்பில் சேரும்.

கண்காணிப்பும் கண்ணியமும்

பெற்றோரின் வீட்டில் கேமரா பொருத்தும் பிள்ளைகளை நான் குறை கூறமாட்டேன். தொலைவில் இருப்பவரின் கவலை உண்மையானது; வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று எவரும் எளிதில் சொல்லிவிட இயலாது. ஆனால் அந்தக் கவலையைத் தணிப்பதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அறுபது ஆண்டுகள் குடும்பத்தை நடத்திய ஒருவர், தம் கூடத்தில் கால் நீட்டி அமரும்போதும் யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வோடு அமர நேர்கிறது. இனிப்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டவுடன் வெளிநாட்டிலிருந்து கண்டிப்புக் குரல் கேட்கிறது. வீடு அவருடையது, அதன் ஆட்சி அவரிடமிருந்து நழுவிவிடுகிறது.

எனவே எதைப் பொருத்துவதாயினும் அவரிடம் கேட்டுப் பொருத்த வேண்டும்; வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், வேண்டியபோது அணைத்து வைக்கும் வசதியும் அவருக்கு இருக்க வேண்டும். கழிப்பறையிலும் படுக்கையறையிலும் கேமராவுக்கு இடமே கூடாது. குறைவாகப் பார்க்கும் கருவியே போதுமானால் அதுவே சிறந்தது. காலையில் சமையலறைக் கதவு திறக்கப்பட்டதா என்பதை மட்டும் அறிவிக்கும் ஓர் உணரி, பிள்ளையின் கவலையையும் தணிக்கும்; பெற்றோரின் தனிமையையும் குலைக்காது. சேவை நிறுவனங்கள் திரட்டும் தகவலுக்கும் வரம்பு வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது கட்டாயமற்றதாகவும் தெளிவானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதலை மகன் தன் திறன்பேசியில் ஒரு தட்டலில் கொடுத்துவிட்டு, தந்தைக்குத் தெரிவிக்காமல் இருப்பது அச்சட்டத்தின் நோக்கத்துக்கு ஏற்றதாகாது.

மறதிநோய் முற்றியவர்கள் வழிதவறி வெளியே செல்லும் நிலையில், இருப்பிடம் காட்டும் கருவி தேவைப்படலாம். அங்கும் நோயின் தொடக்கத்திலேயே, அவரால் சிந்தித்துச் சொல்ல இயலும்போதே, எதை ஏற்பார், எதை வெறுப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்வதே முறை.

கைகளின் பஞ்சம்

அழைத்தால் வருபவர் யார் என்ற கேள்வியைச் சமூகத்தின் அளவில் கேட்டால், பராமரிப்புப் பணியாளர்களின் நிலைக்கு வந்து சேருவோம். நம் வீடுகளில் முதியோரைக் கவனிக்கும் பெண்களில் பெரும்பாலோர் குறைந்த ஊதியத்தில், நீண்ட நேரம், முறையான பயிற்சியின்றி உழைக்கிறார்கள். படுக்கையிலிருந்து ஒருவரைத் தூக்கி அமர்த்தும் சரியான முறை தெரியாமல் தம் முதுகையே கெடுத்துக்கொள்கிறார்கள். கருவிக்குச் செலவிடத் தயங்காத குடும்பமும், உதவியாளருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு தருவதில் தயங்குவதைக் காண்கிறோம்.

இதில் கேரளம் காட்டிய வழி குறிப்பிடத்தக்கது. 2011 கணக்கெடுப்பிலேயே அம்மாநில மக்கள்தொகையில் முதியோர் 12.6 சதவீதம்; பெரிய மாநிலங்களில் அதுவே மிகுதி. பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட்ட வீடுகள் அங்கே பல. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம், பின்னர் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் செவிலியர்களும் வீடு தேடிச் செல்லும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளை அதில் இணைத்தது. இத்தகைய வலையமைப்பின் கையில் ஒரு கைக்கணினியும் பொதுவான நோயாளிப் பதிவேடும் கிடைத்தால் தொழில்நுட்பம் பன்மடங்கு பயன்தரும். வலையமைப்பே இல்லாத ஊரில் அதே கைக்கணினி என்ன செய்யும்?

எளியோரின் கணக்கு

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி, சொந்த வீடும் சேமிப்பும் உள்ள குடும்பங்களுக்குப் பொருந்துவது. தேசிய சமூக உதவித் திட்டத்தின்கீழ் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவருக்கு மத்திய அரசு வழங்கும் பங்கு, 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதானபின் 500 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. இத்தொகையில் வாழ்பவரிடம் கைக்கடிகாரம் பற்றிப் பேசுவது பொருளற்றது.

அவருக்கும் தொழில்நுட்பம் உண்டு, வேறு வடிவில். 2017 ஏப்ரலில் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் எளிய முதியோருக்கு ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, செவித்துணைக் கருவி, பல்செட், சக்கர நாற்காலி போன்றவற்றை இலவசமாக வழங்குகிறது. இத்தகைய முகாம்கள் சிற்றூர்களுக்கு அடிக்கடி வருவதும், கொடுத்த செவித்துணைக் கருவிக்கு மின்கலம் தீர்ந்தபின் எங்கே வாங்குவது என்று சொல்லித் தருவதும் வேண்டும். பொதுப் பணத்தில் கட்டப்படும் பிரதமரின் வீட்டு வசதித் திட்ட வீடுகளிலும் கழிப்பறைகளிலும், கைப்பிடியும் தடுக்காத வாசலும் கட்டாய அம்சங்களாக வேண்டும். இலட்சக்கணக்கில் கட்டும்போது ஒரு கைப்பிடியின் விலை கணக்கில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும்.

வங்கிகள் செய்யக்கூடியவை

வாசகர்கள் வங்கி வாடிக்கையாளர்கள் என்பதால் இப்பகுதியைச் சற்று விரித்துக் கூறுவது பொருத்தம். முதியோர் பலரின் செல்வம் அவர்கள் குடியிருக்கும் வீட்டிலேயே பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவியாக 2007இல் வந்ததுதான் தலைகீழ் அடமானக் கடன். 60 வயதைக் கடந்த வீட்டு உரிமையாளர், தம் வீட்டிலேயே வாழ்நாள் முழுதும் குடியிருந்தபடி, அதன் மதிப்பின் பேரில் வங்கியிடமிருந்து தவணைகளாகவோ ஒருபகுதியை மொத்தமாகவோ பணம் பெறலாம். கணவன், மனைவி இருவரும் காலமானபின் வாரிசுகள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். இல்லையேல் வீட்டை விற்றுக் கடன் போக மீதி வாரிசுகளுக்குச் சேரும். பெறும் தொகைக்கு வருமான வரி இல்லை. தேசிய வீட்டு வசதி வங்கி வகுத்த நெறிகளில், வீட்டைப் பழுதுபார்ப்பதும் மேம்படுத்துவதும் மருத்துவச் செலவும் ஏற்கத்தக்க பயன்பாடுகளாகவே குறிக்கப்பட்டுள்ளன.

ஆயினும் இக்கடன் நம் நாட்டில் வேரூன்றவில்லை. வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது கடமை என்ற எண்ணம் ஒரு காரணம்; ஆவணங்களின் சிக்கலும், கிளைகளில் இதை விளக்கிச் சொல்வாரின்மையும் மற்றொரு காரணம். முன்னதை வங்கி மாற்ற இயலாது, பின்னதை மாற்றலாம். பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: பெற்றோரின் வீடு முதலில் பெற்றோருக்குப் பயன்பட வேண்டியது. அதன் மதிப்பில் ஒருபகுதி அவர்களுக்கு நல்ல கழிப்பறையையும் பகல்நேர உதவியாளரையும் தருமானால், குறைந்து வரும் மரபுரிமையைப் பற்றி வருந்த வேண்டியதில்லை.

தலைகீழ் அடமானம் பெரிய முடிவு. அதற்கு முந்திய படியாக, வீட்டை முதுமைக்கு ஏற்றபடி திருத்துவதற்கென்றே எளிய சிறுகடன் ஒன்றை வங்கிகள் வகுக்கலாம். ஓய்வூதியக் கணக்கையோ வைப்புத்தொகையையோ ஆதாரமாகக் கொண்டு, குறைந்த ஆவணங்களுடன், சில நாள்களில் கிடைக்கும் கடனாக அது இருக்க வேண்டும். வாகனக் கடனுக்கு நாம் காட்டும் விரைவைக் கைப்பிடிக்கும் சாய்தளத்துக்கும் காட்டுவதில் தடையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொன்று, கிளையைப் பற்றியது. மூத்த குடிமக்களுக்குத் தனி முகப்பும், 70 வயதைக் கடந்தோருக்கு வீட்டுவாசல் வங்கிச் சேவையும் வேண்டுமென 2017 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. செயலிகள் பெருகும் வேகத்தில் அந்த முகப்புகள் சுருங்கிவிடலாகாது. செயலியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முதியவரை ஊக்குவிப்பது நன்று. கற்றுக்கொள்ளாததற்காக அவரைக் காக்க வைப்பது நன்றன்று. வீட்டுவாசல் சேவை தமக்கு உண்டு என்பதே அறியாத வாடிக்கையாளர்களுக்குக் கிளைகள் தாமாகவே தெரிவிக்க வேண்டும்.

கோயம்புத்தூர், பெங்களூரு, புனே முதலிய நகரங்களின் ஓய்வுக்கால குடியிருப்புகளில் வீடு வாங்க எண்ணுவோர், வீட்டு வசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டுச் செல்வது நலம். கட்டுநர், சேவை வழங்குநர், வாங்குபவர் ஆகிய மூவரிடையே ஒப்பந்தம் வேண்டும் என்று அது கூறுகிறது. விளம்பரத்தில் காட்டும் நவீனக் கருவிகளைவிட, இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் வரும் செவிலியர் யார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் பிள்ளைகள், பெட்டியில் புதிய கருவியை எடுத்துச் செல்லும் முன், ஓர் அளவு நாடாவையும் ஒரு தாளையும் எடுத்துச் செல்லட்டும். இரவு விளக்கணைத்தபின், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை பெற்றோருடன் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அவர்கள் சுவரைத் தொடுகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எந்தப் படியில் இரு கால்களையும் சேர்த்து வைத்து இறங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அவர்களிடமே கேளுங்கள்: இந்த வீட்டில் உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது? அவர்கள் முதலில் சொல்வது எதுவோ, அதிலிருந்தே செலவைத் தொடங்குங்கள்.